காய்கறிக்கே முதல் நெருப்பு



குடும்ப நாள், நன்னெறி முகாம், ஆறாம் ஆண்டு மாணவர்களின் பிரியாவிடை என எந்த நிகழ்ச்சியை எடுத்துக்கொண்டாலும், நம் பள்ளிகளில் இப்போதெல்லாம் 'பார்பிக்யூ' ஓர் அங்கமாகிவிட்டது. கரி மூட்டிய காலம் மெல்ல மாறி, எரிவாயுவில் இயங்கும் அடுப்பைப் பெற்றோர் ஒருவர் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிடுகிறார். வரவேற்கத்தக்க மாற்றமே. ஆனால் அந்த அடுப்பின்மேல் என்ன ஏறுகிறது, எந்த வரிசையில் ஏறுகிறது என்பதைச் சற்றே கவனித்துப் பார்க்க வேண்டுகிறேன்.

முதலில் கோழி இறக்கை ஏறும். அடுத்துச் சாசேஜ். அதன்பின் மீன். எல்லாரும் உண்டு முடிக்கும் தறுவாயில், கொழுப்பு படிந்து கறுத்த அதே கம்பித்தட்டில் நான்கு சோளமும் அலுமினியத் தாளில் சுற்றிய சில உருளைக்கிழங்குகளும் வைக்கப்படும். கிழங்கு வெளியே கருகி, உள்ளே நறுக்கென்று பச்சையாக இருக்கும். பிள்ளைகள் ஒரு கடி கடித்து ஓரத்தில் வைத்துவிடுவார்கள். சைவ உணவு உண்ணும் பிள்ளையோ, அதுவரை ரொட்டித் துண்டும் வெள்ளரிக்காயுமாக ஒதுங்கி நிற்கும். இறுதியில், "நம் பிள்ளைகளுக்குக் காய்கறியே பிடிப்பதில்லை" என்று நாமே தீர்ப்பும் எழுதிவிடுகிறோம்.

அந்தத் தீர்ப்பு நேர்மையானதன்று என்பது என் கருத்து. கடைசி நெருப்பில், அழுக்குத் தட்டில், அரை வேக்காட்டில் கொடுத்தால் கோழியைக்கூட எவரும் உண்ணமாட்டார். எனவே என் பரிந்துரை எளிமையானது. பள்ளியிலோ வீட்டிலோ அடுப்பை மூட்டும் நாளில், முதல் நெருப்பைக் காய்கறிக்குக் கொடுப்போம். இறைச்சி பிறகு வரட்டும்.

ஒரு சொல் விளக்கம். 'கிரில்' என்பதை ஒவ்வொரு முறையும் ஒலிபெயர்த்து எழுத மனம் ஒப்பவில்லை. அதனால் இக்கட்டுரையில் 'வாட்டடுப்பு' என்று குறிப்பிடுகிறேன். இதைவிடப் பொருத்தமான சொல் உங்களிடம் இருந்தால் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்வேன்.

நமக்குப் புதிதன்று

நெருப்பில் கிழங்கு சுடுவதை மேலைநாட்டுப் பழக்கம் என்று சிலர் நினைக்கின்றனர். தோட்டப்புறத்தில் வளர்ந்த தாத்தா பாட்டியைக் கேட்டுப் பாருங்கள். 1942 முதல் 1945 வரையிலான சப்பானியர் ஆட்சியில் அரிசி கிடைக்காமல், மரவள்ளிக்கிழங்கும் சர்க்கரைவள்ளிக்கிழங்குமே மலாயா மக்களின் உயிரைத் தாங்கின. அடுப்புத் தணலில் கிழங்கைப் புதைத்துச் சுட்டு உண்ட கதை நம்மில் பல குடும்பங்களுக்கு உண்டு. கத்தரிக்காயை நேரே தீயில் சுட்டு, தோலுரித்துப் பிசைந்து செய்யும் துவையலும் கொத்சும் நம் சமையலறையில் பிறந்தவையே. ஔவையாரின் கதையில் வரும் சுட்ட பழத்தை அறியாத தமிழ்ப்பிள்ளை உண்டா? ஆக, நாம் செய்ய வேண்டியது நம் பழைய கைப்பழக்கத்தைப் புதிய அடுப்புக்குக் கொண்டுவருவதுதான்.

ஏன் முதல் நெருப்பு?

இதற்கு நான்கு காரணங்களைக் கூறுவேன்.

முதலாவது, பசி. பசித்த பிள்ளை முதலில் வருவதை உண்ணும். மைதானத்தில் ஓடியாடிக் களைத்து வந்த பிள்ளையின் கையில், சுடச்சுட, பொன்னிறமான உருளைக்கிழங்கையும் இனிப்பான குடைமிளகாயையும் கொடுத்துப் பாருங்கள். கோழி உண்டு வயிறு நிறைந்தபின் அதே உணவு வேண்டாத பொருளாகிவிடும். வரிசையை மாற்றுவதற்கு ஒரு காசும் செலவில்லை.

இரண்டாவது, நலம். நம் நாட்டில் 2019ஆம் ஆண்டு நடத்தப்பட்ட தேசிய உடல்நல, நோய்நிலை ஆய்வின்படி, பெரியவர்களில் ஏறக்குறைய 100க்கு 95 பேர் போதிய அளவு காய்கறியும் பழமும் உண்பதில்லை. நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அந்த 400 கிராமில் உருளைக்கிழங்கு சேராது என்பதையும் கவனிக்க வேண்டும். அது மாவுச்சத்து, சோற்றின் இனம். நம் சுகாதார அமைச்சு பரப்பிவரும் 'கால், கால், அரை' தட்டைப் பள்ளிச் சுவர்களிலும் காண்கிறோம். ஒரு கால் பகுதி சோறு போன்ற மாவுப்பொருள், ஒரு கால் பகுதி மீன், இறைச்சி, பருப்பு வகை, மீதிப் பாதி காய்கறியும் பழமும். சுவரில் அத்தட்டை ஒட்டிவிட்டு, அதன் கீழேயே நாம் பரிமாறும் தட்டு தலைகீழாக இருக்கிறது. பெரியவர்களாகிய நாமே 100க்கு 95 பேர் தவறும் பாடத்தைப் பிள்ளைகளுக்கு வாயால் மட்டும் நடத்த இயலுமா?

மூன்றாவது, நியாயம். நம் பள்ளியில் சைவப் பிள்ளைகள் இருக்கின்றனர். வெள்ளிக்கிழமையும் புரட்டாசி மாதமும் விரதம் காக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. இசுலாமிய ஆசிரியர்களும் நம்மோடு பணியாற்றுகின்றனர். இறைச்சி 'ஹலால்' முறைப்படி வாங்கப்பட்டதா என்று அவர்கள் ஐயுறும் நிலையை நாம் ஏற்படுத்தக் கூடாது. எந்த இறைச்சியும் படாத, கழுவிய கம்பித்தட்டில் முதலில் வெந்த காய்கறி ஒன்றே இவர்கள் அனைவரும் ஒரே மேசையில் அமர்ந்து உண்ணக்கூடியது. முதல் நெருப்பு காய்கறிக்கு என்றால், அந்த நாளின் முதல் அரை மணி நேரத்தில் எவரும் ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை.

நான்காவது, தூய்மை. பச்சைக்கோழியின் நீர் பட்ட இடுக்கி காய்கறியிலும் பட்டால் நோய்க்கிருமி பரவும். காய்கறி முதலில் முடிந்துவிட்டால் இந்தக் குழப்பத்துக்கே இடமில்லை.

உருளைக்கிழங்கு கேட்பது பொறுமை

கிழங்கு வெளியே கருகி உள்ளே வேகாமல் போவதற்கு அடுப்பின்மீது பழிபோட முடியாது. கிழங்கு வெப்பத்தை மிக மெதுவாகவே உள்ளே கடத்தும். கம்பித்தட்டு 200 பாகை செல்சியசைத் தாண்டிச் சுடும்போது, கிழங்கின் நடுப்பகுதி இன்னும் வெதுவெதுப்பாகவே இருக்கும். அதன் மாவுச்சத்து 60 முதல் 70 பாகை அளவில்தான் நீரை ஏற்று உப்பத் தொடங்கும். முழுக் கிழங்கு பதமாக வெந்து பூப்போல் உதிர, நடுப்பகுதி ஏறத்தாழ 98 பாகையை எட்ட வேண்டும். தோல் கருகும் வேகத்தில் நடுப்பகுதி வேகாது. இதுதான் சிக்கல்.

இதற்கு இரண்டு தீர்வுகள் உண்டு.

ஒன்று, முன்வேக்காடு. பள்ளி நிகழ்ச்சிக்கு இதுவே ஏற்றது. கிழங்கை ஒன்றரை செண்டிமீட்டர் கனத்தில் வில்லைகளாக நறுக்கி, உப்புநீரில் 8 முதல் 10 நிமிடம் அவிக்க வேண்டும். கத்தி முனை இறங்க வேண்டும். ஆனால் வில்லை உடையக் கூடாது. நீரை வடித்து, ஆவி அடங்கும்வரை பரப்பி உலர்த்த வேண்டும். ஈரம் இருந்தால் வில்லை முறுகாது. வரும் வெப்பமெல்லாம் நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடும். பின்னர் எண்ணெயை வில்லையின்மேல் தடவி, நடுத்தர நெருப்பில் பக்கத்துக்கு 4, 5 நிமிடம் வாட்டினால் போதும். எண்ணெயைக் கம்பித்தட்டில் ஊற்றினால் அது புகைந்து எரிந்துபோகும். வில்லையை வைத்தவுடன் புரட்டவும் கூடாது. அடிப்பகுதி முறுகியபின் அதுவே தட்டை விட்டுவிடும். அதற்குமுன் இழுத்தால் தோல் பிய்ந்துவரும்.

மற்றொன்று, மறைமுக வெப்பம். எரிவாயு வாட்டடுப்பின் உண்மையான சிறப்பு இங்கேதான் இருக்கிறது. மூன்று எரிமுனைகள் உள்ள அடுப்பில் ஒன்றைக் கூட்டி, ஒன்றைக் குறைத்து, ஒன்றை அணைத்துவிடலாம். அணைத்த பகுதியின்மேல் முழுக் கிழங்குகளை வைத்து மூடியை மூடினால், வாட்டடுப்பு ஒரு வெதுப்படுப்பாக மாறிவிடுகிறது. 200 பாகை வெப்பத்தில் நடுத்தர அளவுள்ள ஒரு கிழங்கு வேக 50 முதல் 60 நிமிடம் ஆகும். வைக்கும்முன் முள்கரண்டியால் நான்கைந்து இடங்களில் குத்திவிட வேண்டும்.

கிழங்கின் வகையும் முக்கியம். நம் சந்தையில் 'ஹாலண்ட்' என்று எழுதி விற்கப்படும் மஞ்சள் சதைக் கிழங்கு குலையாமல் நிற்கும். வில்லைக்கு அதுவே நல்லது. பழுப்புத் தோல் கொண்ட நீண்ட அமெரிக்கக் கிழங்கில் மாவு மிகுதி. முழுதாகச் சுட அது சிறக்கும். பச்சை நிறம் படர்ந்த கிழங்கை வாங்கவே வேண்டாம். அதில் 'சோலனின்' என்னும் நச்சுப்பொருள் மிகுந்திருக்கும். நாம் சமைக்கும் வெப்பம் அதை அழிக்காது.

அலுமினியத் தாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். தாளில் சுற்றிய கிழங்கு தன் ஆவியிலேயே வேகிறது. அது அவித்த கிழங்கேயன்றிச் சுட்ட கிழங்கன்று. அதைவிட முக்கியமான ஒன்றும் உண்டு. 1994ஆம் ஆண்டு அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் உள்ள எல் பாசோ நகரில், தாளில் சுற்றிச் சுட்ட கிழங்குகளை அப்படியே அறை வெப்பத்தில் நாள்கணக்கில் வைத்திருந்து, அவற்றைப் பிசைந்து செய்த உணவால் 30 பேர் 'போட்டுலிசம்' என்னும் கடும் நச்சு நோய்க்கு ஆளாயினர். மண்ணிலிருந்து கிழங்கில் ஒட்டிவரும் அக்கிருமியின் வித்துகள் சூட்டைத் தாங்கிப் பிழைப்பவை. காற்றுப் புகாத, ஈரமும் வெதுவெதுப்பும் உள்ள இடத்தில் பெருகுபவை. நம் வெயிலில், முந்திய நாளே சுட்டுத் தாளோடு வைத்துவிடும் பழக்கம் வேண்டாம். சுட்டவுடன் உண்போம், மிஞ்சினால் தாளை அகற்றிக் குளிர்ப்பெட்டியில் வைப்போம்.

மற்றக் காய்கறிகள்

உருளைக்கிழங்கு ஒரு வாசல்தான். அதற்காக வரும் பிள்ளையை மற்றக் காய்கறிகளிடம் அழைத்துச் செல்வதே நம் நோக்கம். ஒவ்வொரு காய்க்கும் ஒரு குணம் உண்டு.

கத்தரிக்காயை முழுதாக, நான்கு இடங்களில் குத்தி, நேரடி நெருப்பில் வைக்கலாம். குத்தாமல் வைத்தால் உள்ளே ஆவி அடைபட்டு வெடிக்கும். தோல் கருத்து, காய் தளர்ந்து சரியும்வரை சுட வேண்டும்; அளவைப் பொறுத்து 15 முதல் 25 நிமிடம் ஆகலாம். கருகிய தோலை உரித்துவிட்டுச் சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், சிறிது புளி சேர்த்துப் பிசைந்தால், ரொட்டிக்கும் கிழங்குக்கும் தொட்டுக்கொள்ள இதைவிட வேறு என்ன வேண்டும்?

வெண்டைக்காயை நறுக்காமல் முழுதாக வாட்ட வேண்டும். வாய் திறந்தால்தான் வழவழப்பு வெளியே வரும். ஐந்தாறு காய்களை அடுக்கி, இரண்டு சாத்தே குச்சிகளால் ஏணிபோல் கோத்தால் ஒரே முறையில் புரட்டலாம். கூடிய நெருப்பில் 6 முதல் 8 நிமிடம். குச்சிகளை முன்னதாக அரை மணி நேரம் நீரில் ஊறவைக்க மறக்காதீர்கள்.

சோளத்தைத் தோலோடு 15 நிமிடம் நீரில் ஊறவைத்து, அப்படியே 15 முதல் 20 நிமிடம் சுடலாம். இறுதியில் தோலை நீக்கி இரண்டு நிமிடம் வாட்டினால் மணம் கூடும். குடைமிளகாயைப் பெரிய துண்டுகளாக்கி 8 முதல் 10 நிமிடம் வாட்டலாம். முட்டைக்கோசை நடுத்தண்டு விடாமல் நான்காகப் பிளந்தால் இதழ்கள் உதிராமல் நிற்கும். கேமரன் மலையிலிருந்து வரும் இளங்கோசு வாட்டலில் எவ்வளவு இனிக்கும் என்பதைச் சுவைத்தவர் அறிவர். சர்க்கரைவள்ளிக்கிழங்கை ஒரு செண்டிமீட்டர் வில்லையாக்கி, குறைந்த நெருப்பில் பொறுமையாக வாட்ட வேண்டும். அதன் சர்க்கரை விரைவில் கருகும். மரவள்ளிக்கிழங்கு விரும்புவோர், தோலை முற்றிலும் நீக்கி, நன்றாக அவித்து, அந்நீரைக் கொட்டிய பின்னரே வாட்டலாம். பச்சை மரவள்ளியில் சயனைடு நஞ்சாக மாறும் பொருள் உண்டு என்பதை நம் முன்னோர் அனுபவத்தில் அறிந்திருந்தனர்.

மசாலாத் தூளை முதலிலேயே பூச வேண்டாம். மிளகாய்த்தூளும் மல்லித்தூளும் நேரடி நெருப்பில் கருகிக் கசக்கும். உப்பும் எண்ணெயும் முதலில். தூள்களும் எலுமிச்சைச் சாறும் இறக்கியபின். கம்பித்தட்டைத் துலக்க நம்மிடம் அருமையான வழி இருக்கிறது. தோசைக்கல்லைத் தேய்ப்பதுபோல, பாதி வெங்காயத்தை முள்கரண்டியில் குத்தி, எண்ணெயில் தொட்டுச் சூடான தட்டில் தேய்த்தால் போதும். கம்பித் தூரிகையைத் தவிர்ப்பது நல்லது. அதிலிருந்து உதிர்ந்த கம்பி உணவோடு தொண்டையிலும் குடலிலும் குத்திய நிகழ்வுகளை அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் 2012ஆம் ஆண்டிலேயே பதிவு செய்திருக்கிறது.

கரியா, எரிவாயுவா?

"கரியில் சுட்டால்தான் சுவை, எரிவாயுவில் என்ன இருக்கிறது?" என்பது அடிக்கடி கேட்கும் மறுப்பு. இறைச்சியைப் பொறுத்தவரை இதில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் 'சுட்ட மணம்' என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி, உணவிலிருந்து சொட்டும் சாறும் எண்ணெயும் சூடான பரப்பில் விழுந்து புகைவதால் வருவது. உணவின் மேற்பரப்பு பொன்னிறமாக மாறும்போதும் மணம் பிறக்கிறது. இவ்விரண்டும் எரிவாயு அடுப்பிலும் நிகழ்கின்றன.

கரி தொடக்கத்தில் சீறும், பின்னர் தணியும். அதன் போக்குக்கு நாம் ஆட வேண்டும். எரிவாயுவோ முதல் நிமிடத்திலும் ஐம்பதாவது நிமிடத்திலும் ஒரே வெப்பத்தைத் தரும். பொறுமை கேட்கும் கிழங்குக்கு அந்தச் சீரான வெப்பமே தேவை. சாம்பல் பறக்காது, முடிந்தவுடன் அணைத்துவிடலாம், கனன்றுகொண்டிருக்கும் கரியைப் பள்ளி வளாகத்தில் எங்கே கொட்டுவது என்ற கவலையும் இல்லை.

கருகல் கூடாதா என்று சிலர் கேட்பர். 2002ஆம் ஆண்டு சுவீடன் நாட்டு அறிவியலாளர்கள் ஒரு செய்தியை வெளியிட்டனர். உருளைக்கிழங்கு போன்ற மாவுப்பொருள்களை 120 பாகைக்கு மேல் வறுக்கும்போதும் சுடும்போதும் 'அக்ரிலமைடு' என்னும் வேதிப்பொருள் உருவாகிறது என்பதே அது. விலங்குகளில் புற்றுநோயை உண்டாக்கும் இப்பொருள், மனிதர்களுக்கும் உண்டாக்கக்கூடும் என்று வகைப்படுத்தப்பட்டுள்ளது. இதற்காக அஞ்சி அடுப்பை மூடிவிட வேண்டியதில்லை. அவிக்கும்போது இப்பொருள் உருவாவதில்லை. ஆகவே முன்வேக்காடு வைத்துச் சிறிது நேரம் மட்டும் வாட்டும் முறை இங்கும் கைகொடுக்கிறது. பொன்னிறம் போதும், பழுப்பைத் தாண்ட வேண்டாம், கருகியதைக் கிள்ளி எறிவோம்.

பிள்ளைகளின் கையில் இடுக்கி

"பிள்ளைகளுக்குக் காய்கறி பிடிக்காது" என்னும் வாதத்துக்கு வருகிறேன். புதிய காய் ஒன்றைப் பிள்ளை ஏற்றுக்கொள்ள எட்டு, பத்து முறைகூடச் சுவைக்க வேண்டியிருக்கும் என்று ஆய்வாளர்கள் கூறுகின்றனர். நாம் இரண்டாம் முறையிலேயே சோர்ந்துவிடுகிறோம். மேலும், தன் கையால் கோத்து, தானே புரட்டிய வெண்டைக்காயைப் பிள்ளை வேண்டாம் என்று சொல்வது அரிது. எனவே காய்கறி நெருப்பைப் பிள்ளைகளிடம் ஒப்படைக்கலாம் என்கிறேன். கோழியை அவர்களிடம் ஒப்படைக்க முடியாது. வேகாத கோழி நோய் தரும். அரை வேக்காட்டுக் குடைமிளகாயால் எவருக்கும் தீங்கில்லை. பழகுவதற்கு ஏற்றது காய்கறியே.

ஆசிரியர்களுக்கு இதில் இன்னொரு வாய்ப்பும் உண்டு. தொடக்கப்பள்ளி அறிவியலில் வெப்பம் ஒரு தலைப்பு. வாட்டடுப்பின் முன்னால் அது புத்தகத்தை விட்டு இறங்கி வருகிறது. இரும்பு இடுக்கி ஏன் சுடுகிறது, மரப்பிடி ஏன் சுடவில்லை, மூடியை மூடினால் ஏன் விரைவில் வேகிறது என்று பிள்ளைகளே கேட்பார்கள். 40 பிள்ளைகளுக்குத் தலைக்கு 125 கிராம் கிழங்கு என்றால் எத்தனை கிலோ வாங்க வேண்டும் என்பது கணிதம். விடை 5 கிலோ. கடைக்கு எழுதும் பட்டியலையும் அவர்களே எழுதட்டும்.

தமிழாசிரியர் கையில் இது இன்னும் பெரிய செல்வம். நம் மாணவர்களின் கட்டுரைகளில் எல்லா உணவும் 'சமைக்கப்படுகிறது', அல்லது 'பொரிக்கப்படுகிறது'. நம் மொழியிலோ அவித்தல், வேகவைத்தல், வதக்குதல், வறுத்தல், பொரித்தல், வாட்டுதல், சுடுதல் எனத் தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. அப்பளத்தைச் சுடுகிறோம், வாழையிலையை வாட்டுகிறோம், வெங்காயத்தை வதக்குகிறோம், கடலையை வறுக்கிறோம். ஒரு சொல்லின் இடத்தில் மற்றொன்றை வைக்க இயலாது. அனல், தணல், தழல், கனல் ஆகியவற்றின் வேறுபாட்டையும் கரும்பலகையில் எழுதிக் காட்டுவதைவிட நெருப்பின் அருகில் நின்று சொன்னால் மனத்தில் நிற்கும். 2021ஆம் ஆண்டு யுபிஎஸ்ஆர் தேர்வு நீக்கப்பட்டபின், "இனி எதை வைத்துப் படிப்பிப்பது?" என்று கேட்ட பெற்றோர் பலர். இதையும் வைத்துப் படிப்பிக்கலாம் என்பதே என் விடை.

பாதுகாப்பில் விட்டுக்கொடுத்தல் இல்லை

நெருப்பருகே பிள்ளைகளா என்று அஞ்சும் பெற்றோரின் அச்சம் நியாயமானது. அதற்கு மறுமொழி ஒழுங்குதான்.

1. அடுப்பு திறந்த வெளியில், சமதரையில் இருக்க வேண்டும். மூடிய கொட்டகையில் வேண்டாம். நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு வளி உயிரைக் குடிக்கும்.

2. எரிவாயுத் தோம்பு நிமிர்ந்தே நிற்க வேண்டும். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு படர்ந்து பள்ளத்திலும் கால்வாயிலும் தேங்கும். ஆகவே கால்வாய் ஓரம் ஆகாது.

3. மூட்டுவதற்குமுன் குழாய் இணைப்புகளில் சவர்க்கார நீரைத் தடவிப் பார்க்க வேண்டும். குமிழி வந்தால் கசிவு.

4. மூடியைத் திறந்துவைத்தே பற்றவைக்க வேண்டும். பற்றாவிட்டால் அடைத்துவிட்டு, மூடி திறந்தபடி ஐந்து நிமிடம் காத்திருந்து மீண்டும் முயல வேண்டும். பற்றவைப்பதும் அணைப்பதும் பெரியவர்களின் வேலை மட்டுமே.

5. அடுப்பைச் சுற்றி ஒரு மீட்டர் தொலைவில் சுண்ணாம்புக் கோடு போடுங்கள். நான்காம் ஆண்டுக்கு மேற்பட்ட மாணவர் ஒருவரும் பெரியவர் ஒருவருமாக மட்டுமே கோட்டுக்குள் நிற்கலாம். சிறியவர்கள் மேசையில் காய் கழுவுதல், குச்சியில் கோத்தல். நீண்ட கூந்தலைக் கட்ட வேண்டும். துப்பட்டாவைக் கழற்றிவைக்க வேண்டும்.

6. தீயணைப்புக் கருவி கைக்கெட்டும் தொலைவில் இருக்கட்டும். எண்ணெய் பற்றினால் நீரை ஊற்றக் கூடாது. கையில் சுட்டால், ஓடும் குளிர்நீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். பற்பசை பூசும் பழக்கத்தை இன்றே விட்டுவிடுவோம்.

என் வேண்டுகோள்

"அடுப்பில் இடம் போதாது, கோழிக்கே நேரம் பற்றவில்லை" என்பது ஏற்பாட்டாளர்களின் கடைசி மறுப்பாக இருக்கும். கணக்கிட்டுப் பாருங்கள். கிழங்கை வீட்டிலேயே அவித்துக் கொண்டுவந்தால் அடுப்பில் அது 10 நிமிடத்துக்கு மேல் கேட்காது. மற்றக் காய்களில் பெரும்பாலானவை 10 நிமிடத்துக்குள் முடிபவை. கத்தரியும் சோளமும் மட்டுமே ஓரத்தில் அரை மணி நேரம் கிடக்கும். அடுப்பு சூடேறியபின் முதல் 40 நிமிடத்தை மட்டும் காய்கறிக்கு ஒதுக்குங்கள். கோழி அதுவரை குளிர்ப்பெட்டியில் பாதுகாப்பாக இருக்கட்டும். வெயிலில் காத்துக்கிடப்பதைவிட அதற்கும் அதுவே நல்லது.

பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் மூன்று தீர்மானங்களை முன்வைக்க வேண்டுகிறேன். பள்ளி நிகழ்ச்சிகளில் காய்கறியே முதலில் வாட்டப்பட வேண்டும். சைவ உணவுக்கெனத் தனிக் கம்பித்தட்டும் தனி இடுக்கியும் வாங்கப்பட வேண்டும். இவை பெரிய செலவல்ல. காய்கறி அடுப்பின் பொறுப்பு ஆசிரியர் ஒருவரின் மேற்பார்வையில் மாணவர் குழுவிடம் ஒப்படைக்கப்பட வேண்டும்.

கோழியை எவரும் கைவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதன் இடம் இரண்டாவது என்கிறேன், அவ்வளவுதான். பிள்ளைகள் எதை விரும்பி உண்பார்கள் என்பதைப் பெரும்பாலும் நாம் எதை மதித்துப் பரிமாறுகிறோம் என்பதே முடிவு செய்கிறது. ஓரத்தில் ஒதுக்கிவைத்த உணவை ஓரத்தில் ஒதுக்கிவைக்கவே அவர்கள் கற்றுக்கொள்வார்கள்.

வரும் பள்ளி விடுமுறையில் உங்கள் வீட்டிலேயே ஒருமுறை செய்து பாருங்கள். எந்தக் காய் முதலில் தீர்ந்தது, எது மிஞ்சியது என்று எனக்கு எழுதுங்கள். மிஞ்சியதை எப்படிச் சுவையாக்கலாம் என்று சேர்ந்தே சிந்திப்போம்.